மாநில மனநல ஆணையத்தில் குடும்பத்தாருக்கு உள்ள இருக்கையில் யார் உட்கார வேண்டும்? மனு எழுதுகிறோம், யோசனை சொல்லுங்கள்

குடமுருட்டி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் தம்பிக்கு 22 வருடமாக மனச்சிதைவு. கல்லூரி இரண்டாம் ஆண்டில் தொடங்கியது, இப்போது அவனுக்கு 41 வயது. அப்பா இல்லை, அம்மாவுக்கு 72. நான் கும்பகோணத்தில் வேலை பார்த்துக்கொண்டு இரண்டு பேரையும் வைத்துப் பார்க்கிறேன். இதே நிலையில் இருக்கும் முப்பது குடும்பங்கள் போல மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுகிறோம். பதிவு செய்த சங்கம்கூட இல்லை, ஒருவர் வீட்டு மாடியில் பாய் விரித்து உட்காருவோம், அவ்வளவுதான்.

போன மாதம் ஒருவர் ஒரு செய்தி கொண்டுவந்தார். மனநோய் உள்ளவர்களுக்கான இல்லங்களைப் பதிவு செய்து மேற்பார்வை பார்க்கும் மாநில மனநல ஆணையம் என்று ஒன்று இருக்கிறது, அதில் நம்மைப் போன்ற பராமரிப்பாளர்களுக்கு இரண்டு இடம் சட்டத்திலேயே இருக்கிறது, அடுத்த முறை நியமிக்கும்போது நம் பக்கத்திலிருந்தும் பெயர் போக வேண்டும் என்றார். அன்றைக்கு ஆரம்பித்த விவாதம் இன்னும் முடியவில்லை. பாதிப் பேர், எங்கள் பக்கத்தில் அப்படி ஓர் இல்லம் நடத்தும் ஒருவர் பெயரைச் சொல்கிறார்கள். நல்ல மனிதர், எங்களில் சிலர் வீட்டுப் பிள்ளைகள் அவர் இல்லத்தில்தான் இருக்கிறார்கள், ஆங்கிலம் சரளமாகப் பேசுவார், அதிகாரிகளைத் தெரியும். இன்னும் சிலர், ஆளை விடுங்கள், இரண்டு இடத்தை ஆறாக்கச் சொல்லி மனு போடுவோம் என்கிறார்கள். ஒருவர் அதிகாரிகளைக் குறைத்தால்தான் விடிவு என்கிறார்.

நான் உட்கார்ந்து 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். 46-ஆம் பிரிவுதான் ஆணையத்தில் யார் யார் என்று சொல்கிறது. தலைவர், சுகாதாரத் துறைச் செயலாளர். அப்புறம் அதே துறையின் இணைச் செயலாளர், ஓர் இயக்குநர், சமூகநலத் துறை இணைச் செயலாளர், இவர்கள் போக வேறு துறை அதிகாரிகள் எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை பேர். மருத்துவத் தரப்பில் அரசு மனநல மருத்துவமனைத் தலைவர் அல்லது அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறைத் தலைவர் ஒருவர், அரசுப் பணியில் இல்லாத மனநல மருத்துவர் ஒருவர், ஆயுர்வேதம், சித்தா, யுனானி, ஓமியோபதி படித்தவர்களில் ஒருவர் (சித்தாவில் என்றால் சிறப்பு மருத்துவம் மேற்படிப்பு படித்தவர்), மனநல சமூகப் பணியாளர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர் தலா ஒருவர். கடைசியாக, மனநோய் உள்ளவர்கள் அல்லது முன்பு இருந்தவர்கள் சார்பில் இரண்டு பேர், பராமரிப்பாளர்கள் சார்பில் இரண்டு பேர், தொண்டு நிறுவனங்கள் சார்பில் இரண்டு பேர். விரல் விட்டு எண்ணினால் குறைந்தது 16 பேர். அதில் நோயோடு வாழ்கிறவர்களும் அவர்கள் வீட்டாரும் சேர்த்து நான்கு.

எனக்குள் இருக்கும் உறுத்தலையும் சொல்லிவிடுகிறேன். அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரை ஒரு மாதம் வெள்ளையாக இருக்கும், அடுத்த மாதம் வேறு கம்பெனி, மஞ்சளாக வரும். மருந்து ஒன்றுதான். ஆனால் நிறம் மாறினால் என் தம்பி சாப்பிட மாட்டான், விஷம் என்பான், இரண்டு வாரத்தில் எல்லாம் தலைகீழாகும். இதை அந்த மேசையில் யார் சொல்வார்கள்? இல்லம் நடத்துகிறவருக்கு இது தெரியாமல் இருக்காது, ஆனால் அவர் முதலில் பேசப் போவது இல்லத்துக்கான மானியத்தையும் உரிமத்தையும் பற்றித்தானே? நான் நினைப்பது தவறா? அவரை வேண்டாம் என்று சொன்னால் நன்றி கெட்டவர்களாகிவிடுவோமா? மாநில அரசே இந்த அமைப்பை மாற்ற முடியுமா, இல்லை டெல்லியில்தான் மாற்ற வேண்டுமா? மனுவில் எதைக் கேட்பது?

பழைய கோப்பு:

தங்கையே, அரசுத் துறை ஒன்றில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேறு துறை, ஆனால் குழு அமைக்கும் கோப்புகள் நிறைய பார்த்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

இரண்டை ஆறாக்க வேண்டும் என்றால் அது சட்டத்திருத்தம். எண்ணிக்கை சட்டத்திலேயே எழுதியிருப்பதால் அரசாணை போட்டு மாற்ற முடியாது. மாநிலத்துக்கு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது, மனநலம், மத்திய அரசும் மாநிலமும் இரண்டுமே சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில் 16-ஆவது இனமாக வருகிறது, சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றால் இந்த மாநிலத்துக்கு மட்டும் செல்லும். அதற்கு எத்தனை வருடம் ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மற்றத் துறை அதிகாரிகளைக் கூடுதலாகச் சேர்க்க அந்தப் பிரிவிலேயே இடம் வைத்திருக்கிறார்கள், பராமரிப்பாளரைக் கூடுதலாகச் சேர்க்க அப்படி இடம் வைக்கவில்லை. ஆக அதிகாரிகள் எண்ணிக்கை கூடக்கூட உங்கள் நான்கு பேரின் பங்கு குறைந்துகொண்டே போகும். இதை மனுவில் ஒரு வரி எழுதலாம்.

ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறு. 46-இன் இரண்டாம் உட்பிரிவைப் பாருங்கள். பதவி வழியாக வராத இந்த அலுவல்சாரா உறுப்பினர்களை மாநில அரசு விதிகளில் சொன்ன முறைப்படி நியமிக்க வேண்டும் என்று இருக்கும். எத்தனை பேர் என்பது சட்டத்தில், எப்படிப் பொறுக்குவது என்பது விதியில். அந்த விதியை முதலில் மத்திய அரசு போட்டது, 2018-இல். அதற்குப் பிறகு மாநில அரசு மத்திய அரசின் முன் அனுமதி பெற்றுத் தன் விதியைப் போட்டுக்கொள்ள 121-ஆம் பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. பராமரிப்பாளர் இருக்கைக்கு வருகிறவர் பதிவு பெற்ற மனநல நிறுவனம் எதையும் நடத்துகிறவராகவோ அதில் சம்பளம் வாங்குகிறவராகவோ இருக்கக் கூடாது என்று ஒரு வரி, குடும்பங்கள் கூடும் குழுக்களிடம் பெயர் கேட்க வேண்டும் என்று ஒரு வரி. இந்த இரண்டும் விதியில் ஏறினால் போதும், ஆறு நாற்காலி கேட்டுப் பத்து வருடம் காத்திருப்பதைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

அந்த இல்லக்காரர் விஷயம். உங்கள் உறுத்தல் தவறே இல்லை, அதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. தொண்டு நிறுவனங்களுக்கு என்று தனியாக இரண்டு இடம் ஒதுக்கியிருக்கிறார்களே, அவர் அதற்கு விண்ணப்பிக்கட்டும், நீங்களே ஆதரவுக் கடிதம் கொடுங்கள், நன்றிக்கு நன்றியும் ஆயிற்று. பராமரிப்பாளர் இருக்கையில் அவர் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்றால், இல்லங்களைப் பதிவு செய்வதும் அவற்றுக்குத் தர அளவு வைப்பதும் மேற்பார்வை பார்ப்பதும் இந்த ஆணையத்தின் வேலை. 51-ஆம் பிரிவின்படி, தனக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ லாப நட்டம் இருக்கும் பொருள் பேச்சுக்கு வந்தால் உறுப்பினர் அதைச் சொல்லிவிட்டு விவாதத்திலும் முடிவிலும் கலந்துகொள்ளாமல் ஒதுங்க வேண்டும். அதாவது இல்லங்களைப் பற்றிப் பேசும் நேரத்தில், குடும்பங்கள் வாய் திறந்தே ஆக வேண்டிய நேரத்தில், உங்கள் இரண்டு பேரில் ஒருவர் பேச முடியாதவராக இருப்பார்.

இன்னொன்று, இதை யாரும் கவனிப்பதில்லை. பதவிக்காலம் மூன்று வருடம், மறுபடியும் நியமிக்கலாம், ஆனால் 70 வயது ஆகிவிட்டால் உறுப்பினராக நீடிக்க முடியாது. உங்கள் அம்மா வயதுக்காரர்கள் யாரையும் அனுப்ப முடியாது.

தென்பொருநை:

எல்லாம் சரி ஐயா, நன்றாக விளக்குகிறீர்கள். ஆனால் என் அனுபவத்தில் அரசுக் குழு என்றால் தலைவர் என்ன நினைக்கிறாரோ அதுதான் முடிவு. மற்ற பதினைந்து பேரும் தேநீர் குடித்துக் கையெழுத்துப் போட்டு வருவார்கள். என் மகளுக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்க நான்கு முறை அலைந்தேன். மனநோய்க்கு நாற்பது சதவீதம் என்று எழுதினால்தான் சலுகை, அவள் அன்றைக்குப் பார்த்து நன்றாகத் தலை வாரி, நன்றாகப் பேசினாள், குறைத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். நல்ல நாளில் போனால் நோய் இல்லை என்கிறார்கள், மோசமான நாளில் அவளைப் பேருந்தில் ஏற்றவே முடியாது. இந்த மாதிரி எத்தனையோ இருக்க, யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நமக்கென்ன என்றுதான் தோன்றுகிறது. மனசு வெறுத்துத்தான் சொல்கிறேன், யாரையும் புண்படுத்த அல்ல.

பழைய கோப்பு:

உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் ஒரு நாற்காலியால் எதுவும் ஆகாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோய் உள்ளவர்களை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் செத்தார்களே, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓடக்கூட முடியவில்லை. அவர்களை அங்கே விட்டுவிட்டுப் போனதும் நம்மைப் போன்ற குடும்பங்கள்தான், வேறு போக்கிடம் தெரியாமல். இன்றைக்கு ஓர் இல்லம் நடத்த வேண்டும் என்றால் 65-ஆம் பிரிவுப்படி பதிவு செய்தே தீர வேண்டும், அந்தப் பதிவு இந்த ஆணையத்திடம்தான். எதைப் பார்த்துப் பதிவு கொடுப்பது, ஒரு அறையில் எத்தனை பேர், இரவில் ஆள் உண்டா, வெளிப்பக்கம் பூட்டலாமா என்று கேட்க அங்கே ஒரு தாயோ அக்காவோ இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு. ஆணையம் வருடத்துக்கு நான்கு முறையாவது கூட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கூடியதா, யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்பதைக் கேட்டு வாங்கவும் வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். உங்கள் சான்றிதழ்க் கதையை அப்படியே குடமுருட்டி மனுவோடு சேர்க்கக் கொடுங்கள். நல்ல நாளில் போனால் குறைத்துப் போடுகிறார்கள் என்பதை இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

நிலாமுற்றம்:

எனக்கு இருமுனைக் கோளாறு. 14 வருடமாக லித்தியம் எடுக்கிறேன், கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்து ஆறு வருடம் ஆகிறது. இந்த இழையில் இதுவரை எல்லோரும் பராமரிப்பாளர் இருக்கையைப் பற்றியே பேசினீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா, உங்கள் கஷ்டம் என் அம்மாவின் கஷ்டம், எனக்குத் தெரியும். ஆனால் எங்களுக்கும் இரண்டு இருக்கை இருக்கிறது, அது இன்னும் ஆபத்தில் இருக்கிறது. சட்டத்தின் வாசகத்தைக் கவனியுங்கள், மனநோய் உள்ளவர்கள் இரண்டு பேர் என்று எழுதவில்லை. உள்ளவர்களை அல்லது இருந்தவர்களைப் பிரதிநிதித்துவப்படுத்துகிற இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறார்கள். பிரதிநிதியாக யார் வேண்டுமானாலும் வரலாம் என்று படிக்க அதில் இடம் இருக்கிறது. மறுஆய்வு வாரியம் இன்னும் மோசம். 74-ஆம் பிரிவில், மனநோய் உள்ளவர் அல்லது பராமரிப்பாளர் அல்லது அமைப்புகளின் ஆட்கள் என்று எல்லோரையும் ஒரே கூடையில் போட்டு இரண்டு இடம். ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக ஆஸ்பத்திரியில் வைத்தது சரியா என்று பார்க்கிற இடம் அது, அங்கே அப்படி வைக்கப்பட்டிருந்த ஒருவர்கூட இல்லாமலே வாரியம் அமையலாம்.

நான் ஒரு முறை ஒரு சிறிய குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கே என்று சொல்ல விருப்பமில்லை. முதல் கூட்டத்தில் எல்லோரும் தங்களை அறிமுகம் செய்தார்கள், படிப்பு, பதவி, அனுபவம். என் முறை வந்தபோது பக்கத்தில் இருந்தவர் என்னை முந்திக்கொண்டு, இவர் நோயாளி, நன்றாகத் தேறிவிட்டார் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதற்குப் பிறகு நான் என்ன பேசினாலும் தலையைச் சாய்த்து, குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டார்கள். கூட்டத் தாள்கள் முழுக்க ஆங்கிலம், அதுவும் உட்கார்ந்த பிறகுதான் கையில் கொடுத்தார்கள். பயணப்படி மூன்று மாதம் கழித்து வந்தது. இரண்டாவது கூட்டத்தில் கொஞ்சம் சத்தமாக மறுத்துப் பேசினேன், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று இடைவேளையில் ஒருவர் கேட்டார். மருத்துவர் கோபப்பட்டால் அவருக்கு விஷயத்தில் அக்கறை என்கிறார்கள், நான் கோபப்பட்டால் அது அறிகுறி. மூன்றாவது கூட்டத்துக்கு நான் போகவில்லை.

அதனால் நாற்காலி கேட்கும்போதே கூடவே இதையும் கேளுங்கள். தாள்கள் தமிழில், பத்து நாள் முன்னால். எங்கள் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் நியமிக்க வேண்டும், ஒருவரை முதலில் போட்டு இன்னொரு இடத்தைக் காலியாக வைக்கக் கூடாது, தனியாக உட்கார்வது மிகக் கொடுமை. வெளியூர்க்காரருக்குப் பயணச் செலவு முன்பணமாக. இடையில் உடம்பு சரியில்லாமல் இரண்டு மாதம் படுத்தால் அதைச் சொல்லி எடுத்துவிடக் கூடாது, மற்ற உறுப்பினர் இதய அறுவை சிகிச்சைக்குப் போனால் எடுப்பார்களா? என் பெயரைச் செய்தியில் போடலாமா என்பதும் என் கையில் இருக்க வேண்டும். என் அலுவலகத்தில் இன்னும் யாருக்கும் தெரியாது.

ஒன்பதாம் வார்டு:

மனநலப் பிரிவில் செவிலியராக 19 வருடம். நிலாமுற்றம் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன், ஏனென்றால் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்ற அந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன், வார்டுக்கு வெளியேயும் கேட்டிருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மருத்துவத் தரப்பைக் குறைக்கச் சொல்லி யாரும் மனு எழுதாதீர்கள், தயவு செய்து. மாநிலம் முழுவதற்கும் செவிலியர் சார்பில் ஒரே ஒருவர். இரவு பன்னிரண்டு மணிக்கு வார்டில் நாற்பது பேருக்கு எத்தனை பேர் நிற்கிறோம் என்பதைச் சொல்ல அந்த ஒருவர்தான். அவரையும் எடுத்துவிட்டுக் குடும்பத்தாருக்குக் கொடுத்தால் இரண்டு தரப்புக்கும் நட்டம். குறைக்க வேண்டும் என்று கேட்டால் முதலில் போவது நாங்களாகத்தான் இருப்போம், அதிகாரிகள் அல்ல, அவர்கள் பதவி வழி உறுப்பினர்கள்.

இல்லக்காரரைப் பற்றி ஒரு திருத்தம். சட்டத்தின் 2-ஆம் பிரிவில் பராமரிப்பாளர் என்பதற்கு விளக்கம் இருக்கிறது. நோயாளியோடு தங்கியிருந்து அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவர், உறவினரோ வேறு ஒருவரோ, ஊதியம் பெற்றுக்கொண்டும் செய்யலாம், பெறாமலும் செய்யலாம். ஆக சம்பளம் வாங்கும் பராமரிப்பாளரும் பராமரிப்பாளர்தான். பழைய கோப்பு ஐயா சொன்னபடி சம்பளம் வாங்குகிற யாருமே கூடாது என்று விதி எழுதினால், இல்லத்தில் மாதம் சொற்பச் சம்பளத்துக்கு மலம் அள்ளிக் குளிப்பாட்டும் பெண்ணையும் சேர்த்து வெளியே தள்ளுகிறீர்கள். நடத்துகிறவர், நிர்வாகத்தில் பங்கு உள்ளவர் என்று மட்டும் எழுதுங்கள்.

அப்புறம் பெண்கள். 46-ஆம் பிரிவு முழுவதிலும் பெண்களுக்கென்று ஓர் இடம்கூட இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் பாருங்கள், மாநில ஆலோசனை வாரியத்தில் அமைப்புகள் சார்பில் பத்து பேர், கூடுமானவரை அவர்களே மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும், பத்தில் ஐந்து பேராவது பெண்கள், பட்டியல் சாதியிலிருந்தும் பழங்குடியிலிருந்தும் ஒருவராவது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஒரே வருட இடைவெளியில் வந்த இரண்டு சட்டங்கள், ஒன்றில் இருக்கிறது, மற்றதில் இல்லை. மனநோயும் அந்தச் சட்டத்தில் மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றுதான். எங்கள் வார்டுக்கு வரும் பெண்களில் எத்தனை பேரைத் திரும்ப அழைத்துப்போக ஆள் வருவதில்லை என்று உங்களுக்குத் தெரிந்தால் இதை நீங்களே முதல் வரியாக எழுதுவீர்கள். ஆண் நோயாளியைக் கொண்டுவந்து விட்டவர்கள் மாதம் ஒருமுறையாவது வருகிறார்கள். பெண்ணை விட்டுவிட்டு, கொடுத்த தொலைபேசி எண்ணையே மாற்றிவிடுகிறார்கள். குணமாகி ஒன்றரை வருடம் வார்டிலேயே இருந்த ஒருவர் எங்களோடு சேர்ந்து துணி மடித்துக் கொடுப்பார், ஒவ்வொரு ஞாயிறும் வாசல் பக்கம் போய் நிற்பார். அப்படி ஒருவரை அந்த ஆணையத்தில் யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

டெட்ராய்ட் தங்கராசு:

இங்கே அமெரிக்காவில் நடப்பதையும் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். குறைந்த வருமானக்காரர்களுக்கு மாநிலங்கள் நடத்தும் மெடிக்கெய்டு காப்பீட்டுக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் ஆலோசனைக் குழு உண்டு. 2024-இல் மத்திய அரசு விதியை மாற்றியது. பயனாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும் பராமரிப்பாளர்களும் மட்டும் உட்காரும் தனிக் குழு ஒன்றை ஒவ்வொரு மாநிலமும் அமைக்க வேண்டும், பெரிய குழுவில் அந்தத் தனிக் குழுவின் ஆட்கள் 2025 ஜூலையிலிருந்து 10 சதவீதம், அடுத்த வருடம் 20, அதற்குப் பிறகு 25 சதவீதம் இருக்க வேண்டும். எனக்குப் பிடித்தது சதவீதம் அல்ல. தனிக் குழு முதலில் தங்களுக்குள் கூடிப் பேசிவிட்டுத்தான் பெரிய குழுவின் கூட்டத்துக்குப் போகிறது. நிலாமுற்றம் சொன்ன அந்தத் தனிமை இதனால் பாதியாவது குறையும், தன் வாயால் பேசினாலும் பின்னால் பத்துப் பேரின் பேச்சு இருக்கும். உறுப்பினர் பதவிக்காலம் முடிந்ததும் அதே ஆளை உடனே மறுபடி போட முடியாது என்றும் விதி இருக்கிறது. அங்கே உங்கள் ஆணையத்தில் மறுநியமனம் செய்யலாம் என்றால் ஒருவரே ஒன்பது வருடம் உட்கார்ந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

இங்கேயும் எல்லா மாநிலமும் ஒழுங்காகச் செய்கிறது என்று சொல்ல மாட்டேன். என் பக்கத்து வீட்டுப் பாட்டி தன் மகனுக்காக அலைவதைத் தினம் பார்க்கிறேன். ஆனால் நாளையும் சதவீதத்தையும் குறித்து எழுதியிருப்பதால் கேள்வி கேட்க ஒரு பிடி இருக்கிறது.

குடமுருட்டி:

எல்லோருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நேற்று ஞாயிறு, கைபேசியில் இந்த இழையைத் திறந்து மாடியில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நிலாமுற்றம் எழுதியதை வாசிக்கும்போது அங்கே ஒரு மாற்றம் நடந்தது. எங்கள் கூட்டத்துக்கு நோய் உள்ளவர்களும் கூட வருவார்கள், ஆனால் ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள், நாங்கள்தான் பேசுவோம். நேற்று என் தம்பி எழுந்து, மாத்திரை நிறம் மாறினால் முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சொல்லச் சொல்லுங்கள், படம் போட்ட சீட்டு ஒன்று கொடுத்தால் நான் நம்புவேன் என்றான். 22 வருடத்தில் நான் யோசிக்காத வழி. அதை அவன் பெயரிலேயே மனுவில் எழுதலாமா என்று கேட்டேன், எழுது என்றான்.

இல்லம் நடத்துபவரும் வந்திருந்தார். தொண்டு நிறுவன இருக்கையைப் பற்றிச் சொன்னோம். முகம் கொஞ்சம் வாடியது உண்மை, மறைக்க மாட்டேன். பிறகு யோசித்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவரோடு சேர்ந்து இரண்டு குடும்பங்களும் எழுந்து போய்விட்டன, அவர்கள் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், பயம் இருக்கும். அந்த இரண்டு வீட்டுக்கும் இந்த வாரம் நேரில் போகப் போகிறேன்.

மனுவில் இப்போதைக்கு வைத்திருப்பது இதுதான். சட்டத்திருத்தம் கேட்டு ஒரே ஒரு பத்தி, அதில் பெண்களுக்கான இடமும் பிரதிநிதி என்ற சொல்லை மாற்றுவதும். மற்றதெல்லாம் விதிக்கு: மனநல நிறுவனம் நடத்துபவரோ நிர்வாகத்தில் பங்கு உள்ளவரோ பராமரிப்பாளர் இருக்கைக்கு வரக் கூடாது, குழுக்களிடம் பெயர் கேட்க வேண்டும், நான்கு பேரையும் ஒரே ஆணையில் நியமிக்க வேண்டும், தொடர்ந்து இரண்டாவது முறை கூடாது, தாள்கள் தமிழில், பயணச் செலவு முன்பணமாக. நான்கு பேரும் ஆணையக் கூட்டத்துக்கு முந்தின நாள் மாவட்டங்களிலிருந்து வரும் குடும்பங்களோடும் நோய் உள்ளவர்களோடும் உட்கார ஒரு அறை. இது தங்கராசு அண்ணன் சொன்னதிலிருந்து எடுத்தது. தென்பொருநை ஐயா, உங்கள் சான்றிதழ் அனுபவத்தைப் பெயர் இல்லாமல் இணைக்கிறேன், சரிதானே?

தகவல் உரிமை மனுவும் எழுதிவிட்டேன். கேள்விகள்: ஆணையத்தின் இப்போதைய உறுப்பினர்கள் யார், யார் எந்தப் பிரிவில் நியமிக்கப்பட்டார்கள், பராமரிப்பாளர் இருக்கைகளுக்கு எந்த அடிப்படையில் ஆட்களை எடுக்கிறார்கள், ஏன் எங்களைப் போன்ற குழுக்களைக் கேட்பதில்லை. பழைய கோப்பு ஐயா ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

தென்பொருநை:

சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. மகளிடமும் கேட்டுவிட்டேன், சரி என்றாள். அவள் கேட்டது ஒன்றுதான், தலை வாரியிருந்த விஷயத்தை எடுத்துவிடாதீர்கள் என்றாள்.

பழைய கோப்பு:

பார்த்தேன். செவிலியர் அம்மா என்னைத் திருத்தியது சரி, சம்பளம் என்ற வார்த்தையை நீங்கள் எடுத்ததும் சரி.

தகவல் மனுவில் கடைசிக் கேள்வியை எடுத்துவிடுங்கள். ஏன் என்று கேட்டால், காரணம் சொல்வது தகவல் ஆகாது என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். அதற்குப் பதிலாகத் தாளைக் கேளுங்கள். கடைசி நியமன ஆணையின் நகல், அதற்கு வந்த விண்ணப்பங்களின் எண்ணிக்கை, கடந்த மூன்று வருடத்தில் கூட்டம் நடந்த தேதிகள், ஒவ்வொன்றின் நடவடிக்கைக் குறிப்பு நகல், வருகைப் பதிவு. குழுக்கள், வாரியங்கள் இவற்றின் பட்டியலையும், அவற்றின் நடவடிக்கைக் குறிப்பு பொதுமக்கள் பார்வைக்கு உண்டா என்பதையும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது, அதையும் குறிப்பிடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் என்று பதவிப் பெயருக்கு மட்டும் எழுதி, சேர்ந்ததற்கான ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகையைப் பத்திரமாக வைத்திருங்கள், முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீட்டுக்கு அது வேண்டும். மனுவை இந்தப் பதிலுக்காக நிறுத்தி வைக்க வேண்டாம், இரண்டும் தனித்தனியாகப் போகட்டும்.

நிலாமுற்றம்:

அக்கா, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எத்தனை மணிக்கு? நான் திருச்சியில் இருக்கிறேன், காலை ரயிலில் வந்துவிட்டு மாலை திரும்பலாம். உங்கள் தம்பியோடு கொஞ்சம் பேச வேண்டும், அந்தப் படம் போட்ட சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டு வரைந்து மனுவோடு வைக்கலாம்.